உளவியலா, மதமா, போலி அறிவியலா? சுயமுன்னேற்ற இயக்கம் ஒன்றை எடைபோடுவது எப்படி

முதலில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். "இந்த இயக்கம் உளவியலா, மதமா, போலி அறிவியலா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது, சண்டைதான் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பவர் தனக்குக் கிடைத்த நிம்மதியைப் பற்றிப் பேசுவார், வெளியே இருப்பவர் தலைவரின் சொத்தைப் பற்றிப் பேசுவார். அதை விட்டுவிட்டு, இது யாரிடம் என்ன பெயர் சொல்லிக்கொள்கிறது என்று பாருங்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு கதைதான். வரி அதிகாரியிடம் மதம், மனம் நொந்தவரிடம் சிகிச்சை, கம்பெனி மேனேஜரிடம் தலைமைப் பயிற்சி என்று ஆளுக்கொரு முகம் காட்டுகிறதா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிறந்த சயன்டாலஜி இயக்கம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அதன் நிறுவனர் எல். ரான் ஹப்பர்ட் 1950 மே மாதம் வெளியிட்ட 'டயனெடிக்ஸ்' புத்தகம் அட்டையிலேயே தன்னை மனநலத்தின் நவீன அறிவியல் என்று சொல்லிக்கொண்டது. அதே ஆண்டே அமெரிக்க உளவியல் சங்கம், ஆதாரம் கிடைக்கும்வரை இந்த முறைகளை ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டது. அதிலிருந்து வளர்ந்த சயன்டாலஜி 1953 டிசம்பரில் நியூ ஜெர்சியில் சர்ச் என்று பதிவாகிறது. அமெரிக்க வரித்துறை 1967-ல் வரிவிலக்கைப் பிடுங்கியது, 1993-ல் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1983-ல் இது மதம்தான் என்றது. பிரான்ஸில் 2009-ல் மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை, 2013-ல் அது உறுதியும் ஆனது. இயக்கம் ஒன்றுதான், நூல்களும் அவைதான், ஊருக்கு ஊர் பதில் மட்டும் வேறு.

இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீதிமன்றம் பதில் சொல்வது நீதிமன்றத்தின் கேள்விக்கு: வரி கட்ட வேண்டுமா, கல்யாணம் செய்து வைக்கலாமா, ஏமாற்றிப் பணம் பறித்தார்களா. சொல்லிக்கொடுப்பது உண்மையா என்பது அந்தத் தீர்ப்புகளில் இல்லை. ஆகவே, "அரசாங்கமே அங்கீகரித்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் எதற்காக அங்கீகரித்தது என்று கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஆழ்நிலைத் தியான இயக்கம் 1970-களில் நியூ ஜெர்சி அரசுப் பள்ளிகளுக்குள் வந்தபோது, இது மதமே இல்லை, அறிவியல் என்றது. வழக்கு வந்ததும் நீதிபதிகள் கைப்பிரதியில் போட்டிருந்ததை மட்டும் படிக்கவில்லை, பயிற்சியில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். மந்திரம் பெற வரும் மாணவர் பழம், பூ, வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவர வேண்டும், ஆசிரியர் ஒரு குருவின் படத்துக்கு முன்னால் நின்று சமஸ்கிருதத்தில் பாடுவார். 1977-ல் இது மதச் சார்பானது என்று தீர்ப்பானது, 1979-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். என்ன சொல்கிறார்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, கையால் என்ன செய்கிறார்கள், யார் படத்துக்கு முன்னால் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது தாள் வேலை. அவர்கள் சொல்வதையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக எழுதுங்கள். "நீ உடல் அல்ல, அழியாத ஆன்மா" என்று ஒன்று இருக்கும். அது நம்பிக்கை, சோதிக்கவும் முடியாது, சோதிக்கத் தேவையும் இல்லை, மதம் என்று பக்கத்தில் எழுதிவிட்டு நகருங்கள். "தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு" என்பது சாதாரண உளவியல், எந்த நல்ல ஆலோசகரும் சொல்வார். பிரச்சினை மூன்றாவது வகை, டயனெடிக்ஸ் சொன்னதுபோல: "பழைய வலிகளின் பதிவை அழித்தால் ஞாபகசக்தி முழுமையாகும்." இது உலகத்தைப் பற்றிய, சோதித்துப் பார்க்கக்கூடிய பேச்சு. பார்த்தால் என்ன ஆகும்?

பார்த்தார்கள். 1950 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் அரங்கத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னால், முழு ஞாபகசக்தி பெற்றவர் என்று ஹப்பர்ட் ஓர் இளம்பெண்ணை மேடையேற்றினார். அவர் இயற்பியல் மாணவி. பாடத்திலிருந்தே ஒரு சாதாரண சூத்திரம் கேட்டார்கள், வரவில்லை. அப்புறம் ஹப்பர்ட் முதுகைத் திருப்பி நின்றார், அவருடைய டையின் நிறம் என்ன என்று கேட்டார்கள். அதுவும் வரவில்லை. ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள்.

இந்தத் தோல்வியை வைத்து நான் போலி அறிவியல் என்று முத்திரை குத்த மாட்டேன், நல்ல விஞ்ஞானிகளும் மேடையில் சொதப்புவார்கள். அதற்குப் பிறகு வந்த விளக்கம்தான் விஷயம். மேடைக்கு அழைக்கும்போது 'இப்போது' என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன், அதனால் அவர் நிகழ்காலத்திலேயே மாட்டிக்கொண்டார் என்றார் ஹப்பர்ட். ஜெயித்தால் முறையின் வெற்றி, தோற்றால் வேறு எதன்மீதோ பழி. எதிர்மறையான விளைவு எது வந்தாலும் உடனே ஒரு காரணம் ரெடியாக இருக்கும் இடத்தில் சோதனை என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. ஆகவே நேரில் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எது நடந்தால் இந்த முறை தப்பு என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?" பதிலாக உங்கள் மன எதிர்ப்பையே அலச ஆரம்பித்தால், அதுதான் பதில்.

மத வாசனை அடித்தாலே குப்பை என்றும் முடிவுகட்டாதீர்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பன்னிரண்டு படிகளில் கடவுளைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. எனக்கு அந்த மொழி ஒத்துவராது. ஆனால் 2020-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பாய்வு, குடியை முழுக்க விடுவதில் இந்த வழி, மற்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சில அளவீடுகளில் மேல் என்றது. அவர்கள் கட்டணமும் வாங்குவதில்லை. அதேபோல பௌத்தத் தியானத்தை 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சியாக மாற்றினார், அதை யாரும் அளந்து பார்க்கலாம், குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். வேர் எங்கே என்பது முக்கியமில்லை, அளக்க விடுகிறார்களா என்பதே முக்கியம்.

சரி, "ஆனால் எனக்கு வேலை செய்ததே" என்பவரை என்ன செய்வது? அவர் பொய் சொல்லவில்லை, அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். மனிதர்கள் இப்படி வகுப்பைத் தேடிப் போவது வாழ்க்கை மிக மோசமாக இருக்கும் நேரத்தில், அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் மேலேறத்தான் செய்யும், பேர் மட்டும் வகுப்புக்குப் போகும். போதாக்குறைக்கு, 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் "உன் ஆளுமை அறிக்கை" என்று ஒரே தாளைக் கொடுத்தார், வாக்கியங்கள் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. துல்லியத்துக்கு மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. "என்னை அப்படியே படித்துவிட்டார்" என்று யாராவது சிலிர்த்தால் எனக்கு இந்தத் தாள்தான் ஞாபகம் வரும். 'எஸ்ட்' என்ற அமெரிக்கச் சுயமுன்னேற்றப் பயிற்சியின் வாரிசான 'தி ஃபோரம்' வகுப்பை ஆராய்ந்த 1990 ஆய்விலும், நீடித்த மாற்றம் எதுவும் அகப்படவில்லை.

கடைசியாக, கதவைப் பாருங்கள். உள்ளே வருவது சுலபமாகவும் வெளியே போவது துரோகமாகவும் இருக்கிறதா? ரகசியம் அடுத்த லெவலில்தான், அடுத்த லெவலுக்குத் தனிக் கட்டணமா? அமெரிக்காவின் நெக்ஸியம் வெளிப்பார்வைக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி நிறுவனமாகத்தான் இருந்தது, அதன் தலைவர் கீத் ரனியேருக்குப் பாலியல் கடத்தல் உள்ளிட்ட குற்றங்களுக்காக 2020-ல் 120 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். எல்லா வகுப்பும் அங்கே போய் முடியும் என்று சொல்லவில்லை. அறிமுகக் கூட்டம் முடிந்து, கைதட்டல் அடங்குவதற்குள் படிவத்தை நீட்டுவார்கள் இல்லையா, "வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லிப் படிவத்தை மடித்துப் பையில் வையுங்கள். அவர் முகம் மாறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.