பிள்ளை வந்து சொன்னதும் போனைப் பிடுங்காதீங்க: ஆன்லைன் விஷயத்துல பெத்தவங்க பண்ற தப்புகள்

பாஸ்வேர்டை ஸ்ட்ராங்கா வைங்க, தெரியாத லிங்க்கைத் தொடாதேன்னு சொல்லுங்க, இதெல்லாம் நான் இங்க எழுதப் போறதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பசங்க போனால பிரச்சனைன்னு வர்ற பெத்தவங்க கூட உக்காந்து சரி பண்ணிக் குடுக்கறது என் வேலை. புதுசா வர்றவங்கள்ல பாதிப்பேர் ஆரம்பத்துல நான் பண்ணின அதே தப்புகளைத்தான் பண்றாங்க. அதுல ஒண்ணை மட்டும் பாத்தா எனக்கு இன்னைக்கும் கோவம் வருது, அதனால அதைப் பத்தி நீளமாவே சொல்றேன்.

"குடு அந்தப் போனை"

ஒரு பிள்ளை தனக்கு ஆன்லைன்ல நடந்ததை வீட்ல வந்து சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. பல நாள் உள்ளேயே வெச்சுப் புழுங்கி, சொல்லலாமா வேண்டாமான்னு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய், கடைசில பாதியை மறைச்சு பாதியைத்தான் சொல்லும். அந்த நேரத்துல அப்பாவோ அம்மாவோ பண்ற முதல் வேலை, "குடு அந்தப் போனை". அடுத்தது திட்டு. அதுக்கடுத்தது ஆப்பை டெலீட் பண்றது, அக்கவுன்ட்டை டெலீட் பண்றது, சில பேர் போனையே மொத்தமா ரீசெட் பண்ணிடறாங்க.

நான் பாத்த ஒரு கேஸ். 15 வயசுப் பையன். இன்ஸ்டாகிராம்ல ஒரு பொண்ணு பேர்ல ரிக்வெஸ்ட் வந்திருக்கு, இவனோட ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் ஏற்கனவே அந்த ஐடியை ஃபாலோ பண்றதால இவனும் நம்பிட்டான். ரெண்டு நாள் நல்லாப் பேசிட்டு, வேற ஆப்புக்கு வான்னு கூப்பிட்டு, அங்க முதல்ல அந்தப் பக்கத்துல இருந்து ஒரு போட்டோ, அப்புறம் நீயும் அனுப்புன்னு கேள்வி. இவன் அனுப்பின கொஞ்ச நேரத்துலயே இவனோட ஃபாலோயர் லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, பணம் போடலைன்னா இத்தனை பேருக்கும் போகும்னு மிரட்டல். பையன் அன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்ட சொல்லிட்டான், அந்த வயசுல அது எவ்வளவு பெரிய தைரியம்! அப்பா பதட்டத்துல ரெண்டு அறை வெச்சுட்டு போனை ரீசெட் பண்ணிட்டார்.

மறுநாள் என்கிட்ட வந்தப்போ கையில ஒண்ணும் இல்ல. மிரட்டினவனோட யூசர்நேம் என்னன்னு கேட்டா பையனுக்கு மேல தெரியற பேர்தான் ஞாபகம் இருக்கு, அந்தப் பேர்ல ஆயிரம் அக்கவுன்ட் இருக்கும். சாட் இல்ல, பணம் போடச் சொன்ன அக்கவுன்ட் நம்பர் இல்ல, டைம் இல்ல. போலீஸுக்குப் போனா முதல்ல கேக்கறதே அதைத்தான்.

இன்னொண்ணும் போச்சு. 18 வயசுக்குள்ள எடுத்த நிர்வாணப் படங்கள் பரவாம தடுக்க டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, அமெரிக்காவுல காணாமப் போன, சுரண்டப்படற குழந்தைங்களுக்காக இயங்கற என்சிஎம்இசிங்கற அமைப்பு நடத்துது, உலகத்துல எங்க இருந்தும் பேர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படத்தை அப்லோட் பண்ணத் தேவையில்ல, போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி ஒரு கோடு, அதாவது எழுத்தும் எண்ணுமா ஒரு குறியீடு, உருவாகும், அந்தக் கோடு மட்டும்தான் வெளிய போகும். இதுல சேந்திருக்கற இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் மாதிரி கம்பெனிங்க அந்தக் கோடை வெச்சு அவங்க தளத்துல அதே படம் இருக்கான்னு தேடி எடுப்பாங்க. வாட்ஸ்அப் மாதிரி என்க்ரிப்ட் ஆன, பேசறவங்க தவிர வேற யாரும் படிக்க முடியாத சாட்டுக்குள்ள இதால தேட முடியாது, அது உண்மைதான், ஆனாலும் பெரிய உதவி. ஆனா கோடு உருவாகணும்னா அந்தப் படம் கையில இருக்கணுமே. அப்பா ரீசெட் பண்ணினதுல அதுவும் போயிடுச்சு.

இதைவிடக் கொடுமை அப்புறம் நடந்தது. கொஞ்ச நாள் கழிச்சு அதே ஆள் வேற ஐடில திரும்ப வந்திருக்கான். பையன் இந்தத் தடவை வீட்ல மூச்சு விடல. ஃப்ரெண்டு போன்ல இருந்து அவன்கிட்ட பேசி, கடன் வாங்கி, கிஃப்ட் கார்டு கோடா அனுப்பிக்கிட்டே இருந்திருக்கான். குடுக்கக் குடுக்க அவன் கேக்கறது ஏறிக்கிட்டேதான் போச்சு, பணம் குடுத்தா விட்டுடுவான்னு நம்பறவங்க இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. ஏம்ப்பா சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னப்போ என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல"ன்னான். எனக்கு அதுக்குப் பதில் சொல்ல வாய் வரல.

அப்போ என்னதான் பண்றது? முதல்ல வாயில இருந்து வர்ற வார்த்தை: "நீ சொன்னது ரொம்ப நல்லது, தப்பு பண்ணினது அவன், போன் உன்கிட்டயே இருக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து பாப்போம்." கோவம் இருந்தா பாத்ரூம் போய் முகம் கழுவிட்டு வாங்க, பரவாயில்ல. அடுத்தது அந்த ப்ரொஃபைல், அதோட யூசர்நேம், லிங்க், மிரட்டின மெசேஜ், பணம் கேட்ட விவரம் எல்லாத்தையும் எடுத்து வைங்க. ஸ்னாப்சாட்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா எதிராளிக்குத் தெரிஞ்சுடும், அதனால இன்னொரு போன் கேமராவால ஸ்க்ரீனைப் படம் எடுங்க, அங்க மெசேஜ் தானாவே மறைஞ்சுடும்ங்கறதால சீக்கிரம் எடுங்க. அப்புறம் ஆப்லயே ரிப்போர்ட், அதுக்கப்புறம் ப்ளாக், அதுக்கப்புறம் போலீஸ். இந்த வரிசையை மாத்தாதீங்க, சில ஆப்ல ப்ளாக் பண்ணின உடனே சாட்டே கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். அக்கவுன்ட்டை டெலீட் மட்டும் பண்ணாதீங்க.

பிள்ளையோட அந்த மாதிரிப் படத்தை ஆதாரம்னு சொல்லி மாமாவுக்கோ டீச்சருக்கோ வக்கீலுக்கோ ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, பல நாட்டுச் சட்டத்துல அதுவே குற்றம். படம் அந்தப் போன்லயே இருக்கட்டும், டேக் இட் டவுன் வேலையை அதுலயே முடிங்க, மேற்கொண்டு என்ன பண்ணணும்னு போலீஸ்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, அன்னைக்கு ராத்திரி பிள்ளையைத் தனியா விடாதீங்க. இந்த மிரட்டல் தாங்காம உயிரை விட்ட பசங்க இருக்காங்க, சில கேஸ்ல மிரட்டல் வந்து சில மணி நேரத்துலயே. பக்கத்துலயே படுங்க.

பிள்ளை மாதிரி நடிச்சு மிரட்டறவன்கிட்ட நீங்களே சாட் பண்றது

வேண்டாம்.

வயசை ஏத்திப் போட்டு அக்கவுன்ட் ஓபன் பண்ணிக் குடுக்கறது

"அழறான், எல்லாரும் வெச்சிருக்காங்களாம்"னு பெத்தவங்களே பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டுக் குடுக்கறாங்க. அக்கவுன்ட் ஆரம்பிக்க 13 வயசு ஆகணும்ங்கற கணக்கு அமெரிக்காவோட 1998 சட்டத்துல இருந்து வந்தது, அந்த வயசுக்குக் கீழ இருக்கற குழந்தையோட தகவலைப் பெத்தவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு. அதை யாரும் மதிக்கறதில்லன்னு நீங்க சொல்லலாம். ஆனா நீங்க போடற அந்த வருஷத்தை வெச்சுத்தான் பெரும்பாலும் ஆப் உங்க பிள்ளையை நடத்தும். 2024 செப்டம்பர்ல இருந்து இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுன்ட்னு கொண்டு வந்தாங்க, அதுல அக்கவுன்ட் தானாவே ப்ரைவேட், பிள்ளை ஃபாலோ பண்ணாத, ஏற்கனவே தொடர்புல இல்லாத ஆளுங்க மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயசுக்குக் கீழன்னா இதைத் தளர்த்த பெத்தவங்க அனுமதி வேணும். 12 வயசுப் பிள்ளைக்கு 1995ன்னு போட்டு வெச்சா இதுல ஒண்ணுகூட வராமப் போகலாம், ஆப்பைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு பெரிய ஆள். ஏற்கனவே அப்படிப் போட்டிருந்தா செட்டிங்ல போய் மாத்துங்க, 13 ஆகலைன்னா அக்கவுன்ட் போயிடும், போகட்டும்.

கேம்தானே விளையாடறான்

கேமுக்குள்ள சாட் இருக்கு, வாய்ஸ் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் மட்டும்னு மாத்திட்டு அப்புறம் குடுங்க.

பிள்ளைக்குத் தெரியாம உளவு ஆப் போடறது

என்னைக்கு இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவாங்க, கண்டுபிடிச்ச நாள்ல இருந்து இன்னொரு ரகசிய அக்கவுன்ட் ஆரம்பமாகும். கண்காணிக்கணும்னா கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் மாதிரி பிள்ளைக்கும் தெரியற மாதிரி இருக்கறதைப் போடுங்க, எதைப் பாக்கறீங்க, எதைப் பாக்க மாட்டீங்கன்னு உக்காந்து பேசிட்டுப் போடுங்க. சின்ன வயசுக்கு அதிகமாவும், வளர வளரக் கொறைச்சும். 16 வயசுப் பிள்ளையோட ஒவ்வொரு மெசேஜையும் படிக்கறது எனக்குச் சரின்னு படல.

ஸ்கூல் பேர் தெரியற போட்டோவை நீங்களே போஸ்ட் பண்றது

எடுத்துடுங்க.

எனக்கு இருக்கறது பையன், பயம் இல்ல

இதைச் சொல்றவங்க இன்னும் நிறையப் பேர் இருக்காங்க. படத்தை வெச்சுப் பணம் பறிக்கற இந்த மிரட்டல்ல அதிகமா மாட்டறது 14லருந்து 17 வயசு ஆம்பளைப் பசங்கதான்னு அமெரிக்காவோட புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரிக்குது. பொண்ணுகிட்ட ஆயிரம் தடவை ஜாக்கிரதைன்னு சொல்ற வீட்ல பையன்கிட்ட ஒரு தடவைகூட யாரும் பேசியிருக்க மாட்டாங்க, மிரட்டறவனுக்கு அது தெரியும். மிரட்டல் வர்றதுக்கு முன்னாடியே, சும்மா பேசிக்கிட்டு இருக்கும்போது, "இப்படி ஒருத்தன் கேட்டா, நீ அனுப்பியே இருந்தாலும், வந்து சொல்லு, போனை வாங்க மாட்டேன்"னு அவன்கிட்டயும் சொல்லி வைங்க. சொன்னா அந்த வாக்கைக் காப்பாத்துங்க.