முதலில் ஒரு ரப்பர் கடைக் கணக்கை எழுதுங்கள்

இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை தேடுகிற நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி எனக்கு ரெஸ்யூம் அனுப்புவார்கள். ஜாவா, பைத்தான், ரியாக்ட், ஆங்குலர் என்று புரோகிராம் எழுதும் மொழிகள், கருவிகளின் பெயர்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருக்கும். இதில் எதையாவது வைத்து ஒன்றை முழுசாகச் செய்து முடித்திருக்கிறீர்களா மக்களே என்று கேட்டால் பதில் வராது. எனக்குத் தெரிந்து பெரிய தவறு இதுதான்.

ஒரு மொழி போதும். அதில் ஊரில் யாருக்காவது உதவுகிற ஒன்றைச் செய்யுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் கடைகளில் பாலின் எடைக்கு விலை கிடையாது, டிஆர்சி பார்த்து, அதாவது அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. 40 கிலோ பால், டிஆர்சி 35 சதவீதம் என்றால் 14 கிலோவுக்குத்தான் விலை போடுவார்கள். இதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பாருங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும்! கம்ப்யூட்டர் எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைப்பதால் 0.1 அதற்குள் சரியாக அடங்காது, அதனால்தான் பணக் கணக்கைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைப்பார்கள். இப்படி ஒன்றில் முட்டி மோதிச் சரிசெய்தவர் இன்டர்வியூவில் பத்து நிமிடம் தடுமாறாமல் பேசுவார். எரர் வந்ததும் படித்துக்கூடப் பார்க்காமல் ஏஐயிடம் கொடுத்து, வந்ததை அப்படியே ஒட்டுகிறவரால் அது முடியாது.

அடுத்தது பணம். வேலை நிச்சயம் என்று சொன்ன ஒரு சென்டரில் அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன், வேலையும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. வேலைக்காக யாருக்கும் டெபாசிட் கட்டாதீர்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஐஐடிகள் ஆன்லைனில் நடத்தும் என்பிடிஇஎல் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம், சர்டிபிகேட் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். போலி எக்ஸ்பீரியன்ஸ் போடுவது இன்னும் மோசம், பிஎஃப் பதிவைப் பார்த்தாலே மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், சென்னை, பெங்களூர் என்றே நிற்காதீர்கள். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐடி வளாகம் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். அங்கே பெரிய பெயர்களோடு சின்னக் கம்பெனிகளும் நிறைய. அவர்களுக்கு எழுதும்போது பன்னிரண்டு பெயர்களை விட்டுவிட்டு அந்த ரப்பர் கணக்கின் லிங்க்கை முதல் வரியில் வையுங்கள்.