பிஹெச்பில டேபிள் போடுறப்ப லூப்ப எங்க வைக்கணும்

டேட்டாபேஸ்ல இருக்குறத பேஜ்ல டேபிளா காட்ட ஒவ்வொரு வரியா கையால அடிச்சுட்டு இருக்காதீங்க. பிடிஓல (PDO, பிஹெச்பி டேட்டாபேஸோட பேசுறதுக்கான வழி) க்வெரி ஓட்டுங்க, டேபிள் டேகும் தலைப்பு வரியும் லூப்புக்கு வெளிய ஒரே தடவ, அப்புறம் ஃபோர்ஈச்ல ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு டிஆர் (tr, டேபிள் வரிக்கான டேக்), அதுக்குள்ள இன்னொரு லூப் வச்சு ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு டிடி (td, ஒரு கட்டத்துக்கான டேக்), முடிஞ்சதும் வெளிய வந்து டேபிள க்ளோஸ் பண்ணிடுங்க. நான் மொதல்ல டேபிள் டேக லூப்புக்குள்ள போட்டு 40 ரோவுக்கு 40 குட்டி டேபிள் வந்து முழிச்சேன்.

டேபிள்ல எல்லா காலமும் (column) ரெண்டு ரெண்டு தடவ வருதா? பிடிஓ டிஃபால்ட்டா பேர்லயும் நம்பர்லயும் சேத்து குடுக்கும், பேர்ல மட்டும் குடுக்க சொல்ற ஃபெட்ச் அசோக் (PDO::FETCH_ASSOC) போட்டா சரியாயிடும்.

வேல்யூவ அப்படியே எக்கோ பண்ணாம ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (htmlspecialchars, டேக் குறிகள வெறும் எழுத்தா மாத்துற ஃபங்ஷன்) வழியா விடுங்க, இல்லன்னா எவனாவது பேருக்கு பதிலா ஸ்க்ரிப்ட் டேக் குடுத்திருந்தா பாக்குறவங்க ப்ரவுசர்ல அது ஓடிரும்.