அரோரா 4எக்ஸ்: கப்பல் டிசைனும் எஞ்சின் மாற்றமும், புதியவர்களுக்கு

அரோரா 4எக்ஸ் ஆட்டத்தைத் திறந்ததும் எல்லோரும் நேராகக் கப்பல் டிசைன் ஜன்னலுக்குத்தான் போவார்கள். போகாதீர்கள். அங்கே மாட்ட உங்களிடம் எஞ்சினே இருக்காது. ஸ்டீவ் வால்ம்ஸ்லி எழுதி இலவசமாகத் தரும், விண்வெளிப் பேரரசை நடத்தும் கணினி ஆட்டம் இது. படம் கம்மி, கணக்கு ஜாஸ்தி. 2020-இல் வெளிவந்த, சி ஷார்ப் நிரல்மொழியில் எழுதிய பதிப்பை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: எஞ்சின்

எஞ்சினை நாமேதான் வடிவமைக்க வேண்டும். பார்க்க வேண்டியவை இரண்டு: அளவு, திறன் பெருக்கி (எஞ்சினின் சாதாரணத் திறனை எத்தனை மடங்காக்குகிறோம் என்பது). அளவை ஹல் சைஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹல் சைஸ் 50 டன். பெருக்கியை ஏற்றினால் வேகம் கூடும். கூடவே எரிபொருள் செலவும் ஏறும், அதுவும் பெருக்கியின் 2.5 அடுக்காக. பெருக்கியை 1-இலிருந்து 2 ஆக்கினால், ஒரு அலகு திறனுக்கு ஆகும் எரிபொருள் சுமார் 5.7 மடங்கு. திறனே இரட்டிப்பாகிவிட்டதால், மணிக்கு ஆகும் செலவு 11 மடங்கைத் தாண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிலேட்டரை முறுக்கியபடியே ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெருக்கி 0.5-ஐத் தாண்டாமல், அளவு குறைந்தது 25 ஹல் சைஸாக இருந்தால் அது வணிக எஞ்சின். இல்லையென்றால் ராணுவ எஞ்சின். இந்தக் கோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ராணுவ எஞ்சின் ஒன்று ஏறினாலே கப்பல் ராணுவக் கப்பலாகிவிடும். கடற்படை ஷிப்யார்டில்தான் கட்ட முடியும், பராமரிப்புச் செலவும் தலையில் விழும்.

வடிவமைத்ததை ஆராய்ச்சித் திட்டமாக மாற்றி, உந்துவிசைத் துறை விஞ்ஞானி ஒருவரிடம் கொடுங்கள். ஆராய்ச்சி முடிந்ததும் எஞ்சின் கைக்கு வரும்.

படி 2: கப்பல்

நான் சரக்குக் கப்பலுக்குச் சேர்வராயன் என்றும் போர்க்கப்பலுக்குக் கஞ்சமலை என்றும் பெயர் வைத்திருக்கிறேன். இரண்டும் சேலத்து மலைகள். இரும்புத்தாது மலையான கஞ்சமலையின் பெயர் போர்க்கப்பலுக்குத்தானே பொருந்தும்! கஞ்சமலை 6,000 டன், அதாவது 120 ஹல் சைஸ். ஆளுக்கு 240 திறனுள்ள எஞ்சின் இரண்டு, மொத்தம் 480. மொத்தத் திறனை ஹல் சைஸால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் வேகம்: விநாடிக்கு 4,000 கிலோமீட்டர்.

ஒரு கப்பல் வகையில் ஒரே ரக எஞ்சின்தான் போட முடியும். எண்ணிக்கை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். போர்க்கப்பலில் ஒன்றே ஒன்று வைக்காதீர்கள். அது அடிபட்டால் நடு வெளியில் நிற்பீர்கள். எரிபொருள் தொட்டி, எஞ்சினியரிங் பகுதி, கவசம் எல்லாம் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 3: எஞ்சின் மாற்றுவது

அஸ்தம்பட்டித் தம்பி ஒருவன் கேட்டான்: "ஏங்கண்ணா, புது எஞ்சின் ரெடி, கப்பலும் பக்கத்துலயே நிக்குது, யார்டு ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?"

கட்டிய கப்பலின் டிசைன் பூட்டப்பட்டுவிடும், அதில் கை வைக்க முடியாது. அதைக் காப்பி எடுத்து, கஞ்சமலை-2 என்று பெயரிட்டு, பழைய எஞ்சின்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுங்கள். அதே அளவில் 300 திறனுள்ள எஞ்சின் என்றால் 600-ஐ 120-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்க, விநாடிக்கு 5,000 கிலோமீட்டர். புது எஞ்சினை பழையதன் அளவிலேயே வடிவமைக்கச் சொல்வது இதனால்தான். எடை மாறாது, யார்டின் கொள்ளளவும் போதும். சந்தோஷத்தில் 1,000 டன் கவசத்தையும் ஏற்றினீர்களோ, வேகம் 4,285-க்கு இறங்கிவிடும். 6,000 டன் யார்டும் கப்பலைத் தொடாது.

அடுத்து யார்டு. அது புதிய வகைக்கு ரீடூல் ஆகியிருக்க வேண்டும், அதாவது அந்த வகையைக் கட்டத் தயாராக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த வகையும் ஒதுக்காத யார்டுக்கு முதல் ரீடூல் இலவசம், உடனே முடிந்துவிடும். அதன் பிறகு காசும் காலமும் ஆகும். ஒரு யார்டு தன் வகையோடு, மாற்றச் செலவு கப்பல் விலையில் 20 சதவீதத்துக்குள் அடங்கும் நெருங்கிய வகைகளையும் கட்டும். தம்பி மாட்டியது இங்கேதான்: எஞ்சின்தான் கப்பலில் விலை கூடிய பகுதி, அதை மாற்றினால் பெரும்பாலும் 20-ஐத் தாண்டிவிடும்.

ரீடூல் முடிந்ததும் கப்பலை யார்டு இருக்கும் அதே கிரகத்துக்குக் கொண்டுவந்து, யார்டு வேலைகளில் ரீஃபிட்டைத் (கட்டிய கப்பலைப் புது டிசைனுக்கு மாற்றும் வேலை) தேர்ந்தெடுத்து, கப்பலையும் கஞ்சமலை-2-ஐயும் காட்டுங்கள். யார்டின் ஒரு கட்டுமானத் தளத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான். கப்பற்படை முழுவதையும் மொத்தமாக அனுப்பிவிட்டு எதிரி வரும்போது முழிக்க வேண்டாம். புது எஞ்சினின் பெருக்கி பழையதைவிட அதிகம் என்றால், ரீஃபிட் கொடுப்பதற்கு முன்பே டிசைன் ஜன்னலில் பயணத் தூரத்தையும் ஒருமுறை பாருங்கள். தொட்டி போதவில்லையென்றால் அங்கேயே சேர்ப்பதுதான் சுலபம்.