முழு ஆக்சில் வண்டிக்கு டேப்பை வைத்தே டோ சரிசெய்வது

ஜிம்னி, ராங்ளர் மாதிரி முன்பக்கம் ஒரே ஆக்சிலாக இருக்கிற வண்டியில் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் சாய்வை, உருவாக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். நாம் வழக்கமாகத் தொடுவது டோ மட்டும்தான், அதாவது மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் முன்னால் நெருங்கியிருக்கிறதா விலகியிருக்கிறதா என்பது. அதற்கு ஒரு டேப்பும் பொறுமையும் போதும். என் வண்டிக்குப் பல வருடங்களாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்கட்டும். நீங்கள் கீழே படுத்து டை ராட் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்டு, டிராக் லிங்க் (drag link, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பி), டிராக் பார் (track bar, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட் ஒவ்வொன்றின் மேலும் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். தேய்ந்த ஜாயின்ட்டை மாற்றாமல் டோ வைப்பது வீண் வேலை. அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும்.

அப்புறம் இரண்டு டயரிலும் காற்றைச் சமமாக வைத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் நடுவில் சாக்பீஸால் பட்டையாகத் தேய்த்து, ஒரு ஆணியை அசையாத கட்டையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு டயரைச் சுற்றுங்கள். வெள்ளையின் மேல் மயிரிழை போல ஒரு கோடு விழும். ஆரம்பத்தில் நான் டயரின் பூ விளிம்பை வைத்து அளந்தேன், ஒவ்வொரு முறையும் ஒரு அளவு வந்தது. டயர் கொஞ்சம் கோணலாகச் சுற்றினாலும் இந்தக் கோடு நேராகவே விழும்.

வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நாலைந்து அடி முன்னால் தள்ளுங்கள். இறக்கியதும் டயர் இறுகி நிற்கும், உருண்டால்தான் இயல்புக்கு வரும். இப்போது ஹப் (சக்கரத்தின் நடு) உயரத்தில், இரண்டு டயரின் கோட்டுக்கும் இடையே டயரின் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்கள். அந்த உயரத்தில் ஏதாவது தடுத்தால் இரண்டையும் ஒரே உயரத்தில் கீழே எடுங்கள். பல வண்டிகளுக்கு முன் அளவு பின் அளவைவிட 1.5 முதல் 3 மி.மீ. வரை குறைவாக இருக்கும், இதுதான் டோ-இன். உங்கள் வண்டிக்கான கையேட்டில் உள்ளதே இறுதி.

டை ராட் ஸ்லீவில் (நீளத்தை மாற்றத் திருப்பும் குழாயில்) முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, பைப் ரெஞ்சால் கால் சுற்று திருப்பி, வண்டியை உருட்டி, மறுபடி அளக்க வேண்டும். டை ராட் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால் நீளம் கூடக் கூட டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் நேர்மாறு.

ஓட்டும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அதை டிராக் லிங்கில் சரிசெய்யுங்கள். தயவுசெய்து ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டாதீர்கள், ஸ்டீயரிங் பாக்ஸின் நடு இடம் தவறிவிடும்.

வண்டியை உயர்த்திய பிறகு நேர்ச்சாலையில் அலைந்தால் அது பெரும்பாலும் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் சாய்வு) குறைந்த கோளாறு, டோவால் தீராது. ஆக்சிலையே சாய்க்க வேண்டும்: பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆப்புத்தகடு, காயில் ஸ்பிரிங் வண்டியில் கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கை) நீளம்.

கிளாம்பை இறுக்கியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, கிளாம்ப் போல்ட் எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள்.