சைபர் பாலிசியில் முதலில் தேட வேண்டியது

கம்பெனிக்கு சைபர் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறீர்களா? பிரீமியத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, பில் தொகையைப் புதுக் கணக்கில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் போலி மெயில் வந்து, உங்கள் அக்கவுண்டன்ட் அதை நம்பித் தன் கையாலேயே பணத்தை அனுப்பிவிட்டால், யாரும் சிஸ்டத்துக்குள் நுழையவில்லை என்பதால் பல பாலிசிகளில் அது அடிப்படைக் கவரில் வராது. தனியாகச் சேர்க்க வேண்டும், சேர்த்தாலும் அதற்கென்று சிறிய உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அந்த உச்சவரம்பு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், பேக்கப் இருக்கிறது, லாகினுக்கு ஓடிபி இருக்கிறது என்று, உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் விண்ணப்பத்தில் டிக் அடிக்காதீர்கள், கிளெய்ம் அங்கேதான் அடிபடும். பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், பேங்குக்கும் இன்சூரன்ஸுக்கும் அன்றைக்கே மெயில் போய்விட வேண்டும்.