செனான் ஹெட்லைட் பல்ப் மாத்தும்போது வெள்ளை வெளிச்சத்துக்கு எதை வாங்கணும்

போன வருஷம் ஐப்பசி மழையில ராத்திரி பத்து மணி இருக்கும், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி பக்கம் போயிட்டிருந்தேன். என்னுது பழைய ஸ்கோடா சூப்பர்ப் கார், செகண்ட்ஹேண்ட்ல எடுத்தது, அதுல அதுக்கு முந்தின வாரம்தான் 8000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு) பல்ப் ஜோடியா வாங்கி மாட்டியிருந்தேன். வீட்டு செவுத்துல அடிச்சுப் பாத்தப்ப நீலமா ஜில்லுனு சூப்பரா இருந்துச்சு. மழை புடிச்சு ரோடு கருப்பானதும் லேன் கோடே தெரியல, கரும்பு ஏத்திக்கிட்டு டெயில் லாம்ப் எரியாம ஒரு டிராக்டர் போறது ரொம்ப கிட்ட வந்தப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. பிரேக் புடிச்சு வண்டி நின்னப்புறமும் கை நடுங்கிட்டுதான் இருந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணேன் அந்த பல்பைக் கழட்டிடணும்னு. அதனால வெள்ளை வெளிச்சம் வேணும்னு பல்ப் தேடுறவங்களுக்கு நான் தெரிஞ்சுக்கிட்டதை விவரமா எழுதுறேன்.

முதல்ல உங்க வண்டியில இருக்கிறது நிஜமாவே செனான்தானான்னு பாருங்க. ஸ்விட்ச் போட்டதும் ஒரு மாதிரி மினுக்குனு ஆரம்பிச்சு சில செகண்ட்ல முழு வெளிச்சம் வந்தா அது செனான், அதாவது ஹெச்ஐடி. கம்பி சூடாகி எரியற சமாச்சாரம் இல்ல இது, கண்ணாடிக் குமிழுக்குள்ள கேஸ்ல மின்சாரம் பாய்ஞ்சு எரியுது, அதைப் பத்த வைக்க இக்னைட்டர், சீரா எரிய வைக்க பலாஸ்ட்னு தனி சாமான் உண்டு. கடையில 'செனான் ஒயிட்'னு டப்பாவுல போட்டு ஹெச்4, ஹெச்7 பல்ப் விக்கிறாங்களே, அதெல்லாம் நீல கோட்டிங் அடிச்ச ஹாலஜன், அதாவது கம்பி சூடாகி எரியற பல்ப். அந்த கோட்டிங் வெளிச்சத்துல கொஞ்சத்தை முழுங்கிடும். அதே மாதிரி ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள்ள ஹெச்ஐடி கிட் மாட்டிக்கிறதும் வேணாம், அந்த ரிப்ளெக்டர் (பல்பைச் சுத்தி பளபளன்னு இருக்கிற கிண்ணம்) செனானுக்காக செஞ்சது இல்ல, வெளிச்சம் கண்டபடி சிதறி எதிர்ல வர்ற டூவீலர்காரன் கண்ணைக் குருடாக்கிடும்.

அடுத்து பல்போட கோடு (code), அதாவது எந்த வகைன்னு சொல்ற குறியீடு. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பழைய பல்போட அடியில டி1எஸ், டி2எஸ், டி3எஸ், டி4எஸ்னு ஏதாவது ஒண்ணு அச்சடிச்சிருக்கும், மேனுவல்லயும் இருக்கும், அதே கோடுதான் வாங்கணும். டி1, டி3 ரெண்டுலயும் இக்னைட்டர் பல்போட பின்னாடியே பெட்டி மாதிரி ஒட்டியிருக்கும். டி2, டி4-ல அது தனி. டி1, டி2 உள்ள பாதரசம் உண்டு, எரியும்போது சுமார் 85 வோல்ட்ல ஓடும், டி3, டி4 பாதரசம் இல்லாதது, சுமார் 42 வோல்ட். பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்குதேன்னு டி3 வண்டியில டி1 போட முடியாது, பலாஸ்ட்டுக்கு ஒத்து வராது. தப்பா மாட்டிடக் கூடாதுன்னுதான் அடிப்பாகத்துல வெட்டு வேற மாதிரி வெச்சிருக்காங்க, அதை அரத்தால ராவி உள்ள தள்ற மெக்கானிக் கிட்ட வண்டியை விடாதீங்க. கடைசி எழுத்தையும் கவனிங்க, எஸ்னா ப்ரொஜெக்டர் லென்ஸ் (பல்புக்கு முன்னாடி உருண்டையா இருக்கிற லென்ஸ்) வண்டிக்கு, ஆர்னா ரிப்ளெக்டர் வண்டிக்கு. ஆர் பல்புல கண்ணாடி மேல பெயின்ட் பட்டை இருக்கும், எதிர்ல வர்றவங்க கண்ணைக் கூசாம மறைக்கிறதுக்கு.

இப்ப கெல்வினுக்கு வருவோம். கம்பெனியில இருந்து வர்ற செனான் பெரும்பாலும் 4300 கெல்வின் கிட்ட இருக்கும், லேசா இளமஞ்சள் கலந்த வெள்ளை. சாதாரண 35 வாட் டி1எஸ், டி2எஸ் எல்லாம் இதுல 3200 லூமென் அளவு தரும். கெல்வின்ங்கிறது நிறம், லூமென்தான் வெளிச்சம், இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுதான் நானும் 8000 வாங்கினேன். அதே 35 வாட்டுல நிறத்தை நீலத்துக்குத் தள்ளத் தள்ள லூமென் குறையும், ரோட்டுல விழுற வெளிச்சம் கம்மியாயிடும். உச்சி வெயிலே சுமாரா 5500 கெல்வின்தான். வீட்டுல கூல் டேலைட்னு 6500 போட்ட டியூப்லைட் எரியுதுல்ல, அதோட நீல சாயலை நினைச்சுப் பாருங்க, 8000 அதையும் தாண்டினது. 10000-க்கு மேல போனா ஊதா.

என் கணக்கு இதுதான்: வெள்ளையா தெரியணும், ரோடும் தெரியணும்னா 5000 கெல்வின். பிலிப்ஸ் ஒயிட்விஷன் 5000 சொல்லி வருது, இப்ப என் வண்டியில ஓடுறது அதுதான். ஓஸ்ராம் கூல் புளூ வரிசை 6000-த்தை ஒட்டி வரும், வேலூர் டவுனுக்குள்ள கிரீன் சர்க்கிள், சத்துவாச்சாரி, காட்பாடின்னு தெருவிளக்கு இருக்கிற இடத்துலயே ஓட்டறவங்க அதைப் போட்டுக்கலாம். நம்ம ஆளுங்க நிறைய பேர் ராத்திரியில பெங்களூர் ரோடு புடிக்கிறவங்க, இல்ல திருவண்ணாமலை பக்கம் போறவங்க, ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏறுறவங்க. அவங்க 5000-த்தைத் தாண்டாதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கிறேன். மழையிலயும் பனியிலயும் நீல வெளிச்சம் கண்ணுக்கு முன்னாடியே கூசும், தூரத்துல போய் நிக்காது.

காசைப் போடறதுக்கு முன்னாடி ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்க. நம்ம வேலூர் வெயில்ல அந்த பிளாஸ்டிக் மஞ்சளா மங்கிப் போயிருக்கும், அதுக்குள்ள எந்த பல்ப் போட்டாலும் வெளிச்சம் மஞ்சளாதான் வெளிய வரும். 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள் தண்ணி தொட்டு வரிசையா தேச்சு, பாலீஷ் போட்டு, மேல யூவி கோட்டிங்கும் அடிச்சா பாதிப் பிரச்சினை அதுலயே தீந்துடும். கோட்டிங் விட்டுட்டீங்கன்னா சில மாசத்துல திரும்ப மங்கும்.

ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பா மாறி அப்பப்ப அணைஞ்சு எரியுதுன்னா அனேகமா அந்த பல்ப் வயசாயிடுச்சு. உறுதி பண்ணிக்க இடது பல்பை வலதுலயும் வலதை இடதுலயும் மாத்திப் போடுங்க, கோளாறு பல்போடவே இடம் மாறினா பல்ப், அங்கயே நின்னா பலாஸ்டோ வயரிங்கோ. எப்பவும் ஜோடியாவே மாத்துங்க, செனான் எரிய எரிய நிறம் மாறும், ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா ரெண்டு கண்ணும் ரெண்டு கலர்ல தெரியும். போலி சரக்கும் நிறைய சுத்துது. பிலிப்ஸ், ஓஸ்ராம் செனான் டப்பாவுல ஒரிஜினலான்னு அவங்க வெப்சைட்டுலயே சரி பாக்க ஒரு கோடு நம்பர் குடுக்கிறாங்க, கடைக்காரர் முன்னாடியே போன்ல பாத்துட்டு காசு குடுங்க. பல்புல வட்டத்துக்குள்ள ஈ (E) எழுத்து முத்திரையும் இருக்கணும், அது ஐரோப்பிய அங்கீகார அடையாளம்.

மாட்டறது பெரிய வேலை இல்ல, ஆனா ஜாக்கிரதை வேணும், ஏன்னா பத்த வைக்கிற நேரத்துல 20,000 வோல்ட்டுக்கு மேல பாயும். லைட் ஸ்விட்ச் ஆஃப், சாவி வெளியே, பேட்டரி நெகடிவ் கழட்டிட்டு பல்ப் நல்லா ஆறுற வரைக்கும் இருங்க. பின்மூடியைத் திறந்து கனெக்டரை எடுங்க, டி2, டி4-ஆ இருந்தா இக்னைட்டரைத் திருப்பிக் கழட்டணும், அப்புறம் கிளிப்பையோ வளையத்தையோ விடுவிச்சு பல்பை நேரா பின்னாடி இழுங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க, உள்ள அழுத்தத்துல கேஸ் இருக்குது. புது பல்போட கண்ணாடியை விரலால தொடவே கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டுல பாதிக்கும், பட்டுட்டா ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சிடுங்க. பின்மூடி ரப்பர் ஒழுங்கா உக்காரலைன்னா முதல் மழையிலயே உள்ள ஈரம் ஏறிடும்.

மாட்டினதும் சமதரையில செவுத்துக்கு நேரா நிறுத்தி வெளிச்சத்தோட மேல் விளிம்பைப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல கத்தரிச்ச மாதிரி கோடு விழணும், ஒண்ணு தூக்கியோ சாஞ்சோ இருந்தா அனேகமா பல்ப் சரியா உக்காரலைன்னு அர்த்தம், கழட்டித் திரும்பப் போடுங்க. முதல் சில மணி நேரம் எதிர்பாத்த அளவு வெள்ளையா இல்லையேன்னு தோணும், அதுக்காக கடைக்கு ஓடாதீங்க, எரிய எரிய நிறம் செட் ஆயிடும். கழட்டினது டி1-ஆவோ டி2-ஆவோ இருந்தா உள்ள பாதரசம் இருக்கு, குப்பையில போட்டு உடைக்காம புது பல்ப் வந்த டப்பாவுலயே வெச்சு ஈ-வேஸ்ட் எடுக்கிறவங்க கிட்ட குடுத்துடுங்க.